பழைய போர்க் கைக்கடிகாரத்தின் பூர்வீகம்

முன்னுரை

கடிகாரம் நேரத்தைக் காட்டும் என்பது பாலர் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அது தான் பிறந்த ஊரையும், உழைத்த நாட்டையும், பார்த்த வேலையையும் காட்டும் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தி. நேரத்தை அறிய முகப்பைப் பார்த்தால் போதும். பூர்வீகத்தை அறிய வேண்டுமானால் முன்னும் பின்னும் உள்ளும் பார்க்க வேண்டும். பார்த்ததைச் சரித்திரப் பாடத்தோடும் விஞ்ஞானப் பாடத்தோடும் ஒப்பிட வேண்டும்.

போர்ப்படைகளுக்கென்று செய்யப்பட்ட பழைய கைக்கடிகாரங்களுக்கு இன்று உலகெங்கும் மதிப்பு மிகுதி. அவற்றுள்ளும் 'குரோனோகிராப்' என்னும் வகைக்கு மதிப்பு இன்னும் அதிகம். மதிப்பு மிகுந்த இடத்தில் கதைகளும் மிகும் அன்றோ! "இது உலகப் போரில் ஒரு விமானி அணிந்தது" என்று விற்பவர் சொல்வார். வாங்குபவர் வியப்பார். சொன்ன சொல் மெய்யா என்று அந்தக் கடிகாரத்தையே கேட்டு அறிவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

குரோனோகிராப் என்றால் என்ன?

கிரேக்க மொழியில் 'குரோனோஸ்' என்றால் காலம். 'கிராபெய்ன்' என்றால் எழுதுதல். காலத்தை எழுதும் கருவி என்பதே இப்பெயரின் பொருள். 1821-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நிக்கோலா ரியூசெக் என்பவர் குதிரைப் பந்தயத்திற்காக ஒரு கருவி செய்தார். ஒவ்வொரு குதிரையும் எல்லைக் கோட்டைக் கடக்கும்போது அது முகப்பின்மேல் ஒரு துளி மையை வைத்தது. மெய்யாகவே காலத்தை எழுதியது! வெகு காலம் அவரே இவ்வகைக் கருவியின் தந்தை எனப் போற்றப்பட்டார். ஆனால் 1816-இலேயே லூயி முவானே என்பவர் காலத்தை அளந்து நிறுத்தும் கருவி ஒன்றைச் செய்திருந்தார் என்பது 2013-இல் வெளியாயிற்று. புதிய சான்று வந்ததும் பழைய முடிவு மாறியது. பூர்வீகம் தேடுவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய பாடம் இதுவே.

இக்காலக் குரோனோகிராப் மை வைப்பதில்லை. சாதாரணக் கைக்கடிகாரமும் பந்தய மைதானத்து நிறுத்துக் கடிகாரமும் ஒரே கூட்டில் இணைந்தது அது. சாவி கொடுக்கும் குமிழுக்கு மேலும் கீழும் இரண்டு பொத்தான்கள் இருக்கும். மேல் பொத்தானை அழுத்தினால் நடுவிலுள்ள நீண்ட விநாடி முள் ஓடும். மீண்டும் அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பொத்தான் அதனைப் பூச்சியத்துக்குத் திருப்பும். முகப்புக்குள் இருக்கும் சிறு வட்டங்களில் ஒன்று, ஓடிய நிமிடங்களைக் கணக்கு வைக்கும். இவ்வளவு நடந்தாலும் மணி முள்ளும் நிமிட முள்ளும் தம் வேலையை நிறுத்துவதில்லை.

'குரோனோமீட்டர்' என்பது வேறு. மிகத் துல்லியமாக ஓடும் கடிகாரத்துக்கு அப்பெயர். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக் கொள்ளல் ஆகாது.

படைகளுக்கு இது எதற்கு?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் விநாடிக்கு 100 மீட்டர் கடக்கும். மேகத்துக்கு நடுவே பறக்கும் விமானிக்குக் கீழே எந்த அடையாளமும் தெரியாது. இன்ன திசையில் இத்தனை நிமிடம் பறந்தால் இன்ன இடம் வரும் என்ற கணக்கே அவருக்குக் கண். அதில் 10 விநாடி பிழைத்தால் 1 கிலோமீட்டர் பிழைத்துவிடும். இரவில் அந்த 1 கிலோமீட்டரில் ஒரு மலை இருக்கக் கூடும்.

பீரங்கிப் படைக்கும் இது பயன்பட்டது. ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் என்று பௌதிகப் பாடத்தில் படிக்கிறோம். எதிரியின் பீரங்கி மின்னியதும் பொத்தானை அழுத்தி, வெடியோசை கேட்டதும் நிறுத்தினால், இடைப்பட்ட நேரத்திலிருந்து தூரம் கிடைக்கும். 9 விநாடி என்றால் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். இந்தப் பெருக்கலைத் தவிர்க்கச் சில முகப்புகளில் தூரத்தையே அச்சிட்டிருப்பார்கள். அதற்கு 'டெலிமீட்டர்' அளவு என்று பெயர். இடி மின்னலின்போது நாமும் இக்கணக்கைப் போடலாம்.

வேறு சில முகப்புகளில் நாடித் துடிப்பை அறியும் அளவு இருக்கும். அது மருத்துவருக்கும் செவிலியருக்கும் உரியது. "பீரங்கிப் படையின் கடிகாரம்" என்று ஒருவர் காட்டும் பொருளில் நாடித் துடிப்பு அளவு இருந்தால், அவர் சொல்லை ஐயுற இடமுண்டு. ஆனால் டெலிமீட்டர் அளவு இருப்பதாலேயே அது படைக்கு உரியது என்றும் சொல்லிவிட முடியாது. கடைகளில் பொதுமக்களுக்கு விற்ற கடிகாரங்களிலும் அவ்வளவு இருந்தது. ஒரு சாட்சி போதாது. பல சாட்சிகள் ஒத்துப் பேச வேண்டும்.

முதற் சாட்சி: பின்மூடி

படைக் கடிகாரம் அரசாங்கத்தின் சொத்து. ஆகவே அரசு தன் அடையாளத்தை அதன் பின்மூடியில் பொறிப்பது வழக்கம். காக்கையின் கால் தடம் போல மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் அம்புக்குறி, பிரிட்டிஷ் அரசின் சொத்துக்கு அடையாளம். அந்த அம்பை 'சி' என்னும் ஆங்கில எழுத்து சூழ்ந்திருந்தால் அது கனடா. இரண்டு 'டி' எழுத்துகளின் நடுவே நின்றால் ஆஸ்திரேலியா. சுவீடன் தேசத்துக் கடிகாரத்தில் மூன்று மகுடங்கள் இருக்கும். 'ஏ.எம்.' என்ற எழுத்துகள் பிரிட்டனின் விமான அமைச்சகத்தைக் குறிக்கும். இத்தாலியப் படைக்கு உரிய சில கடிகாரங்களில் முகப்பிலேயே 'ஏ. காயிரெல்லி ரோமா' என்று, அவற்றைப் பெற்று வழங்கிய வணிகரின் பெயர் இருக்கும்.

எண்களும் பேசும். 1970-களின் பிரிட்டிஷ் விமானப் படைக் குரோனோகிராப் ஒன்றில் முதல் வரியில் '6பிபி 924-3306' என்றும், அதன் கீழே அம்பும், கடைசியில் ஓர் எண்ணும், சாய்கோடும், '74' என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். '6பிபி' என்பது விமானப் படை. அதே இடத்தில் '0552' என்றிருந்தால் கடற்படை. '924-3306' என்பது இவ்வகைக் குரோனோகிராப்புக்குக் கிடங்கில் கொடுத்த பொருள் எண். சாய்கோட்டுக்கு முன்னுள்ளது அந்தக் கடிகாரத்தின் வரிசை எண். '74' என்பது 1974-ஆம் ஆண்டு.

நேட்டோ நாடுகள் தம் படைப் பொருள்களுக்கெல்லாம் பொதுவான எண் முறை ஒன்றை வைத்துள்ளன. அதில் '6645' என்று தொடங்கினால் அது நேரம் அளக்கும் கருவி. அடுத்த இரண்டு இலக்கம் நாட்டைச் சொல்லும்: '99' பிரிட்டன், '12' ஜெர்மனி. ஆனால் ஒன்றை மறவாதிருப்போம். இந்த இலக்கம் பொருளைத் தன் பட்டியலில் பதிவு செய்த நாட்டைச் சொல்கிறதே தவிர, அதைச் செய்த நாட்டைச் சொல்வதில்லை. பதிவு செய்தவர் ஒருவர், செய்தவர் இன்னொருவர்.

இரண்டாம் சாட்சி: கூடும் முகப்பும்

ஒவ்வொரு நாட்டுப் படையும் தனக்கு வேண்டியதை எழுத்தில் விதித்தது. பிரான்சு தேசம் 1950-களின் தொடக்கத்தில் 'டைப் 20' என்னும் விதியை வகுத்தது. கறுப்பு முகப்பு, இருளில் ஒளிரும் எண்கள், ஒரு முறை சாவி கொடுத்தால் 35 மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம், நாளுக்கு 8 விநாடிக்கு மேற்படாத பிழை ஆகியவற்றை அது கேட்டது. ஓடிக்கொண்டிருக்கும் முள் ஒரே அழுத்தில் பூச்சியத்துக்குத் திரும்பி, விரலை எடுத்ததும் உடனே மறுபடி ஓட வேண்டும் என்றும் கேட்டது. திசை திரும்பும் நொடியில் விமானி மூன்று முறை பொத்தானை அழுத்திக் கொண்டிருக்க முடியாதல்லவா? அதற்காகவே இந்த ஏற்பாடு. பிரெகே, விக்சா, ஓரிகோஸ்த், தோதான், ஏரேன் முதலிய பல பெயர்களில் இவ்விதிப்படி கடிகாரங்கள் வந்தன. பெயர் வேறானாலும் முகச் சாயல் ஒன்றே. ஆகவே முகப்பின் பெயரைவிட விதியின் சாயலே நாட்டை நன்கு காட்டும்.

பிரிட்டனில் 1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் ஹாமில்டன், சி.டபிள்யூ.சி., நியூமார்க், பிரெசிஸ்டா என்னும் நான்கு பெயர்களில் ஒரே மாதிரிக் கூட்டில் குரோனோகிராப்புகள் வழங்கப்பட்டன. அக்கூட்டின் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடப் புடைத்திருக்கும். குமிழும் பொத்தான்களும் எதிலாவது மோதி உடையாமலிருக்கவே அப்படி. வார் கோக்கும் கம்பிகளும் கழற்ற முடியாதபடி கூட்டோடு சேர்ந்தே இருக்கும். கம்பி தெறித்துக் கடிகாரம் தொலைந்து போகக் கூடாது என்பது காரணம். இப்படிப் பயனுக்காகச் செய்த ஒவ்வொரு மாற்றமும் நமக்கு அடையாளமாகிறது.

ஆனாலும் தோற்றத்தைக் கொண்டு வயதைச் சொல்வதில் நிதானம் வேண்டும். 1934-இல் பிரைட்லிங் நிறுவனம் இரண்டாவது பொத்தானைக் கொண்டுவந்தது என்று படித்துவிட்டு, ஒற்றைப் பொத்தான் உள்ளவையெல்லாம் 1934-க்கு முற்பட்டவை என்று முடிவு செய்தால் தவறாகும். லெமானியா நிறுவனம் செய்த ஒற்றைப் பொத்தான் குரோனோகிராப்புகளைப் பிரிட்டிஷ் படைகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும், 1960-களிலும் பயன்படுத்தின. பழைய அமைப்பு எளியதாகவும் உறுதியாகவும் இருந்தால் படைகள் அதை எளிதில் கைவிடுவதில்லை.

மூன்றாம் சாட்சி: உள் இயந்திரம்

இனித்தான் வியப்பு. ஒரே ஆலையில் நெய்த துணி பல கடைகளின் முத்திரையோடு விற்பனைக்கு வருவதை நாம் அறிவோம். கடிகாரத்திலும் அப்படியே. சுவிட்சர்லாந்தில் வால்ஷூ, வீனஸ், லெமானியா போன்ற சில தொழிற்சாலைகள் இயந்திரங்களைச் செய்து பல நிறுவனங்களுக்கு விற்றன. வாங்கியவர்கள் தம் பெயரை முகப்பில் எழுதிக்கொண்டார்கள். பின்மூடியைத் திறந்தால், இருபுறமும் ஊசலாடும் சமன்சக்கரத்தின் அடியில், தகட்டில் சிறு முத்திரையும் எண்ணும் பெரும்பாலும் இருக்கும். அதுவே இயந்திரத்தின் பிறப்புச் சான்றிதழ்.

இயந்திரத்தின் உறுப்பும் அடையாளம் தரும். பொத்தானை அழுத்தும்போது எந்த நெம்புகோல் எழ வேண்டும், எது விழ வேண்டும் என்று ஆணையிடும் உறுப்பு ஒன்று உண்டு. சிலவற்றில் அது சிறு கோட்டையின் கொத்தளம் போல் தூண்கள் நிற்கும் சக்கரம். சிலவற்றில் அது மேடும் பள்ளமுமாக வெட்டிய தட்டு. தூண் சக்கரம் செய்வது கடினம், செலவும் மிகுதி. தட்டு செய்வது எளிது.

இப்போது ஒரு குடும்பக் கதையைக் கேளுங்கள். சுவிட்சர்லாந்தின் மூத்தியே என்னும் ஊரில் வீனஸ் தொழிற்சாலை இருந்தது. அங்கே தூண் சக்கரம் உள்ள '175' என்னும் இயந்திரம் பிறந்தது. சீன நாடு தன் விமானப் படைக்குக் குரோனோகிராப் செய்ய விரும்பி, 1961-இல் '304 திட்டம்' என்பதைத் தொடங்கியது. அதற்காக '175' இயந்திரத்தைச் செய்யும் கருவிகள் சுவிட்சர்லாந்திலிருந்து வாங்கப்பட்டு டியன்ஜின் நகரத் தொழிற்சாலைக்குப் போயின. ஆக, முகப்பில் சீன எழுத்தும் உள்ளே சுவிஸ் பரம்பரையும் கொண்ட கடிகாரம் உண்டாயிற்று.

வீனஸின் '188' என்னும் மற்றோர் இயந்திரம் தட்டு முறையில் ஆனது. 1966-இல் வீனஸ் தொழிற்சாலை வால்ஷூவோடு சேர்ந்தது. '188'-ஐத் திருத்தி '7733' என்னும் இயந்திரம் அமைந்தது. மேலே சொன்ன நான்கு பிரிட்டிஷ் கடிகாரங்களுக்குள்ளும் ஓடுவது இந்த '7733' தான். இதே இயந்திரத்தில் தேதி காட்டும் உறுப்பைச் சேர்த்தது '7734'. அதைச் செய்யும் கருவிகளைச் சோவியத் யூனியன் வாங்கி, 1976 முதல் மாஸ்கோவில் '3133' என்னும் இயந்திரத்தைச் செய்தது. 'அக்கியான்' என்ற பெயரில் கடற்படைக்கும், 'ஷ்தூர்மான்ஸ்கியே' என்ற பெயரில் விமானப் படைக்கும் அது போயிற்று.

பிரிட்டன், சோவியத் யூனியன், சீனா! ஒன்றையொன்று ஐயத்தோடு பார்த்துக்கொண்டிருந்த மூன்று நாடுகள். அவற்றின் விமானிகள் வானத்தில் எதிரெதிரே சந்திக்க நேர்ந்திருந்தால், அவர்கள் கைகளில் ஒரே குடும்பத்துக் கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்திருக்கும். 'இது எந்த நாட்டுக் கடிகாரம்?' என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல முடியாததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

போரின் தோல்வியும் இயந்திரங்களை நாடு கடத்தியது. ஜெர்மனியின் கிளாஷூட்டே நகரில் விமானிகளுக்காக 'உரோபா 59' என்னும் இயந்திரம் செய்யப்பட்டது. 1945-இல் போர் முடிந்ததும் அங்கிருந்த தொழிற்சாலைகளின் கருவிகளைச் சோவியத் படை இழப்பீடாக எடுத்துச் சென்றது. பின்பு மாஸ்கோவில் அதே அமைப்பில் குரோனோகிராப்புகள் வந்தன. பிரான்சின் விக்சா கடிகாரத்துக்குள் இருப்பதும் ஜெர்மனியின் ஹான்ஹார்ட் நிறுவனத்தின் அமைப்பே. அதுவும் போர் இழப்பீட்டின் வழி வந்ததுதான்.

நான்காம் சாட்சி: ஒளிரும் பூச்சு

இருளில் நேரம் தெரிய எண்களிலும் முட்களிலும் ஒளிரும் பூச்சைத் தடவினார்கள். முற்காலத்தில் அதில் ரேடியம் கலந்திருந்தது. 1960-களில் அதன் இடத்தை டிரிடியம் பிடித்தது. 1990-கள் முதல் கதிரியக்கம் இல்லாத பூச்சுகள் வந்தன. பிரிட்டிஷ் முகப்பில் வட்டத்துக்குள் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் டிரிடியம் என்று பொருள். ஜெர்மானியப் படைக் கடிகாரத்தில் சிவப்பு வட்டத்துக்குள் '3எச்' என்று அதனையே எழுதினார்கள். ஆகவே பூச்சும் காலத்தைச் சொல்லும்.

டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 1970-இல் பூசியதில் இன்று இருபதில் ஒரு பங்குகூட எஞ்சியிராது. ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டு. பழைய ரேடியம் முகப்பு இருளில் ஒளிராது. அதனால் அது செத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ஒளி தரும் துத்தநாகச் சல்பைடுதான் கெட்டுப் போயிற்று. ரேடியம் அப்படியே இருக்கிறது. ஆகையால் பழைய ஒளிர் முகப்புள்ள கடிகாரத்தை வீட்டில் திறக்கவோ, சுரண்டவோ, தூசியை வாயால் ஊதவோ கூடாது. திறந்து பார்க்கும் வேலையைத் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் விட வேண்டும். தம்பி தங்கையர் கையில் விளையாடக் கொடுக்கவும் கூடாது.

இவ்விடத்தில் சில பெண்களை நாம் நினைவுகூர வேண்டும். ரேடியத்தை 1898-இல் கணவரோடு சேர்ந்து கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையாரைப் பாடத்தில் படிக்கிறோம். அந்த ரேடியத்தைக் கடிகார முகப்பில் தீட்டிய பெண்களைப் பற்றிப் படிப்பதில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு என்னும் ஊரில், போர்வீரருக்கான கடிகாரங்களுக்கும் கருவிகளுக்கும் வண்ணம் தீட்ட இளம் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களில் நம் வயதை ஒத்தவர்களும் இருந்தனர். தூரிகையின் முனை கூராக இருக்க அதை உதட்டில் வைத்துக் குவிக்கும்படி அவர்களுக்குக் கற்பித்தார்கள். ஒவ்வொரு முறையும் சிறிது ரேடியம் உடலுக்குள் போயிற்று. சில ஆண்டுகளில் பற்கள் உதிர்ந்தன, தாடை எலும்பு அரித்தது, பலர் இறந்தனர். 1917-இல் வேலைக்குச் சேர்ந்த கிரேஸ் பிரையர் என்பவரும் வேறு நால்வரும் 1927-இல் வழக்குத் தொடுத்தனர். 1928-இல் சமரசம் ஏற்பட்டது. ஒவ்வொருவருக்கும் 10,000 டாலரும், ஆண்டுக்கு 600 டாலர் உதவித் தொகையும், மருத்துவச் செலவும் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்தப் பெண்கள் வாய் திறந்ததால் பிற்காலத் தொழிலாளருக்குப் பாதுகாப்பு வந்தது.

ஒரு பழைய கடிகாரத்தின் பூர்வீகத்தைத் தேடும்போது தளபதிகளின் பெயரும் தொழிற்சாலைகளின் பெயரும் கிடைக்கின்றன. எண்களைத் தீட்டிய பெண்ணின் பெயர் எந்தப் பின்மூடியிலும் இல்லை. ஆனால் அவள் கைவேலை முகப்பில் இருக்கிறது.

பொய்யைக் கண்டறிதல்

மின்னுவதெல்லாம் பொன்னல்ல, அம்புக்குறி உள்ளதெல்லாம் படைக் கடிகாரமும் அல்ல. சாதாரணக் கடிகாரத்தில் புதிதாக அம்பைப் பொறித்து விற்பவர்களும் உண்டு. அவர்களைக் கண்டறியச் சரித்திரப் பாடமே நல்ல ஆயுதம். 'புண்டஸ்வேர்' என்னும் ஜெர்மன் படை 1955-இல் அமைந்தது. ஆகவே அப்பெயர் பொறித்த கடிகாரம் 1945-இல் முடிந்த போரில் இருந்திருக்க முடியாது. நேட்டோ 1949-இல் பிறந்தது. ஆகவே '6645' என்று தொடங்கும் அந்த எண்ணும் உலகப் போருக்கு உரியதல்ல. பிரிட்டனின் விமான அமைச்சகம் 1918 முதல் 1964 வரைதான் இருந்தது. 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தது. இந்த ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டாலே பாதிக் கதைகள் உதிர்ந்துவிடும்.

அடுத்து, கைக்கண்ணாடி கொண்டு கீறல்களைப் பார்க்க வேண்டும். பின்மூடியின் கீறல், எழுத்தின் குறுக்கே சென்று அதன் ஓரத்தையும் மழுக்கியிருந்தால், எழுத்து முதலில் வந்தது; கீறல் பின்னர் வந்தது. அவ்வாறின்றி, எழுத்து பழைய கீறல்களை வெட்டிக்கொண்டு கூர்மையாக நின்றால், எழுத்து பிந்தியது. மூடி முழுவதும் தேய்ந்திருக்க எழுத்து மட்டும் புதிதாய் மின்னினால் சந்தேகப்பட இடமுண்டு. இதனால்தான் பழைய கடிகாரத்தைச் சாம்பலோ மெருகுப் பசையோ போட்டுத் துலக்கக் கூடாது என்கிறார்கள். அழுக்கோடு சாட்சியும் போய்விடும்.

ஆனால் பொருந்தாதவையெல்லாம் பொய் என்றும் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. பிரிட்டிஷ் படைகள் சில பழைய கடிகாரங்களின் ரேடியம் முகப்பை நீக்கி டிரிடியம் முகப்பைப் பொருத்தின. படைப் பணிமனையில் உடைந்த முள்ளுக்குப் பதில் கையில் கிடைத்த முள்ளைப் போட்டிருப்பார்கள். 1950-ஆம் ஆண்டுக் கூட்டில் 1960-களின் முகப்பு இருந்தால் அது மோசடியாகவும் இருக்கலாம். நேர்மையாக உழைத்ததன் தழும்பாகவும் இருக்கலாம். மற்றச் சாட்சிகளைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

மாறாக, எல்லாம் பொருந்தினாலும் ஒரு கேள்வி எஞ்சும். டியன்ஜின் தொழிற்சாலையின் வழிவந்த இயந்திரத்தோடு, '1963' என்ற பெயரில், பழைய சாயலில் புதிய கடிகாரங்கள் நம் காலத்தில் செய்யப்படுகின்றன. செய்கிறவர்கள் அதை மறைப்பதில்லை. ஆனால் கைமாறிப் போகும்போது, பெயரிலுள்ள ஆண்டு பிறந்த ஆண்டாகிவிடுகிறது!

முடிவுரை

பூர்வீகம் என்பது ஒரு கேள்வி அல்ல, நான்கு கேள்விகள் என்று கண்டோம். இயந்திரத்தைச் செய்தவர் யார்? வடிவத்தை விதித்தவர் யார்? வாங்கி வழங்கிய படை எது? கையில் அணிந்தவர் யார்? முதல் மூன்றுக்கும் கடிகாரமே விடை தரும். லோஞ்சின் போன்ற பழைய நிறுவனங்கள் தம் கணக்கேடுகளைப் பாதுகாத்து வருவதால், எண்ணைக் கொண்டு அங்கும் கேட்டறியலாம். நான்காவது கேள்விக்கு, கடிதமோ பதிவேடோ இருந்தாலொழிய, கடிகாரம் விடை தராது. பின்மூடியிலுள்ள வரிசை எண் பொருளுக்கு உரியதே தவிர மனிதருக்கு உரியதன்று.

ஆகவே ஒரு நல்ல ஆராய்ச்சிக் குறிப்பு இப்படித்தான் இருக்கும்: 'இயந்திரம் சுவிட்சர்லாந்தில் செய்தது. கூடு பிரிட்டிஷ் விதிப்படி அமைந்தது. வழங்கியது விமானப் படை. ஆண்டு 1974. முட்கள் பிற்காலத்தில் மாற்றப்பட்டவை. அணிந்தவர் பெயர் தெரியவில்லை.' இதில் வீரக் கதை இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் சான்று உண்டு. 'தெரியவில்லை' என்று எழுதுவதற்கும் துணிவு வேண்டும்.

காயத்தைத் தொட்டுப் பார்த்தே நம்புவேன் என்ற புனித தோமையாரை ஆண்டவர் விரட்டிவிடவில்லை. அருகில் அழைத்துத் தொடச் சொன்னார். எவர் வாயிலிருந்து வந்தாலும் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என்னும் வள்ளுவர் நெறியும் அதுவே. நம் கையில் வரும் பொருள் பழைய கடிகாரமாயினும், பக்கத்து வீட்டாரைப் பற்றிய செய்தியாயினும், திருப்பிப் பார்த்து, திறந்து பார்த்து, பல சாட்சிகளைக் கேட்டு, அதன்பின் பேசுவோமாக. அதில் உழைத்தும் பெயர் பொறிக்கப்படாமல் போனவர்களையும் மறவாதிருப்போமாக.